பாசி வளர்த்த கண்ணாடிக்காரர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவர்களும் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள். என் தொண்டை முன்னைப் போல இல்லை, தூரத்துக்கு எட்டாது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ராஜா ராணி கிடையாது. ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு மகள், பாதிச் சுண்டுவிரல் நீளத்தில் ஏழு மீன்கள். இனிப்பான கதை என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வராது. கசக்கத்தான் செய்யும். மடியில் குழந்தை தூங்கினால் தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

அந்த அப்பாவைக் கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பத்தோரு வருஷம் லென்ஸ் தேய்த்தவர். கடைக்கு வந்து போகிறவர்களுக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் ஊரில் பாதிப்பேர் பேப்பர் படித்தார்கள், ஊசியில் நூல் கோத்தார்கள். ஒரு கீறல், ஒரு விரல்ரேகை, ஒரு தூசு இருந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, சுவர்க்கடிகாரம், டிவி என்று சட்டைப்பையில் ஒரு மெல்லிய துணியை வைத்துக்கொண்டு அலைவார். கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்குப் 'பளபளா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதிலும் விழும். கோபப்பட மாட்டார். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

"இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் ஜாஸ்தி" என்பாள் அவர் மனைவி. அந்தம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நாக்கு கொஞ்சம் கூர்மை. நாள் முழுக்க நோயாளிகளிடம் அடக்கி வைத்ததை எல்லாம் வீட்டில் வந்து அவிழ்ப்பாள்.

ஒரே மகள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில் கையில் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். "அப்பா, இனிமே அவரோட இருக்க முடியாது. வந்துட்டேன்" என்றாள். கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மாடிப்படியைத்தான் பார்த்தார். "யார் கண்ணுலயும் படறதுக்கு முன்னால திரும்பிப் போயிடும்மா. நான் பேசிச் சரிபண்றேன்" என்றார். அவள் பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. அப்படியே திரும்பிப் படியிறங்கினவள்தான். புருஷன் வீட்டுக்கும் போகவில்லை. தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு, தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருந்துவிட்டாள். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள்.

அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் கண்ணாடிக்காரர் என்ன சொல்வார் தெரியுமா? "நல்லா இருக்காங்க, ரெண்டு பேரும்." இரண்டரை வருஷமாக இதே பதில்தான்.

இப்படி இருக்கும்போது மகளை அலுவலகத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். அவள் அறையில் ஒரு மீன்தொட்டி வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டுப் போக வேறு இடமில்லை. தொட்டியை ஒரு வண்டியில் ஏற்றி, மீன்களை மூடிபோட்ட வாளியில் எடுத்துக்கொண்டு, அத்தனை நாளுக்கு அப்புறம் அந்த வாசற்படியை மிதித்தாள். அப்பா உள்ளறையில் ஒரு பழைய கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. காது மட்டும் கூடத்தில் இருந்தது.

"இதுங்க என்னம்மா இவ்வளவு பொடிசா இருக்கு? கண்ணாடியில ஒட்டிக்கிட்டுத் தொங்குது?" அம்மாவின் குரல்.

"பாசித்தின்னிம்மா. வாயாலதான் ஒட்டிக்கும். கண்ணாடியில, கல்லுல படியற பச்சையைச் சுரண்டித் தின்னும்."

"அப்போ தொட்டிக்குத் துப்புரவு வேலைக்காரங்கன்னு சொல்லு. உங்கப்பாவுக்கு ஏத்த ஜோடி."

மகள் சிரிக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அழுக்கைத் தின்னு பிழைச்சுக்கும்னு விட்டுடறாங்க, இதுங்க பட்டினியிலேயே சாகும். வெள்ளரிக்காய் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன், தொடல. பச்சைதான் வேணும். அது தானா வளரும். விளக்கு போட்டு அணைச்சா போதும். வாரம் ஒரு தடவை, முதல்நாளே பிடிச்சு வச்ச தண்ணியில கால் பங்கு மாத்தும்மா. வேற ஒண்ணும் செய்ய வேணாம்." காலி வாளியை ஓரமாக வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லிடு. கண்ணாடியைத் தொட வேண்டாம்னு."

அந்தக் கடைசி வார்த்தை உள்ளறையில் போய்த் தைத்தது. கண்ணாடியைத் தொடாதே! இவள் நாலு வயதுப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அவர் அவளிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். ஜன்னலில் கை வைத்தால், அலமாரியில் மூக்கை ஒட்டி வேடிக்கை பார்த்தால், தொடாதே, தொடாதே. இப்போது அதை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுக்கிறாளா? குத்திக் காட்டுகிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணோ மீனைப் பற்றி மட்டும்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு மனைவி உள்ளே வந்தாள். "அவ ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். திரும்பி வந்ததும் வேற இடம் பார்க்கணுமாம். நம்ம மொட்டைமாடி ரூம் சும்மாதானே கிடக்குன்னு சொன்னேன்."

அவர் திருகாணியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னா?"

"பார்க்கலாம்னு சொன்னா."

பார்க்கலாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மூன்று மாதம் இருந்தார். மொட்டைமாடி அறைக்குப் புதுப்பூட்டு வாங்கினார். ஜன்னல் கொக்கியைச் சரி செய்தார். இந்த ஏழு மீனையும் ஒரு குறையும் இல்லாமல் அவள் கையில் ஒப்படைத்துவிட்டால் போதும், மேலே வந்து தங்கிவிடுவாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

மூன்று வாரம் கை கட்டித்தான் இருந்தார், பாவம். தொட்டியின் மூன்று பக்கமும் பச்சை படிந்தது. மீன்கள் அதில் வாயை ஒட்டி, வால் ஆட்டி, மேலும் கீழும் மேய்ந்தன. அவை போன இடமெல்லாம் கோடு கோடாக வழி விழுந்திருக்கும். கண்ணுகளா, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது பந்திபோட்ட இலை. கண்ணாடிக்காரருக்கோ அது அழுக்கு. கூடத்தில் நடக்கும்போதெல்லாம் அந்தப் பச்சை அவர் முதுகில் ஊறியது. அவள் வந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? 'என் பொருள் என்றால் அப்பா துடைக்கக்கூட மாட்டார்' என்று நினைப்பாளே!

நாலாவது வாரம், மனைவி வேலைக்குப் போன ஒரு காலையில், சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். ஒரு மணி நேரம் தேய்த்தார். கல்லை எல்லாம் எடுத்துப் பிரஷ் போட்டுக் கழுவி வைத்தார். முடிந்தபோது கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. மீன்கள் காற்றில் தொங்குவது போல இருந்தன.

சாயங்காலம் மனைவி பார்த்தாள். "தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனா?"

"அது என்னைக் குத்தறதுக்குச் சொன்னது. நீயே பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"எனக்கென்னமோ அதுங்க முழிக்கிற முழி சரியில்ல."

அதற்கப்புறம் தினமும் காலையில் ஒரு துடைப்பு. பச்சை தலைகாட்ட விடவில்லை. பத்து நாளில் மீன்களின் வயிறு ஒட்டியது. முன்பு பருப்பு விழுங்கினது போல உருண்டையாக இருந்தவை, பக்கவாட்டில் பார்த்தால் மடித்த காகிதமாகத் தெரிந்தன. வியாதி என்று நினைத்தார். வியாதி என்றால் சுத்தம்தானே மருந்து? இன்னும் அதிகமாகத் துடைத்தார், இன்னும் அதிகமாகத் தண்ணீர் மாற்றினார். கடையில் விற்கிற மீன்தீனியைத் தூவினார். அது மேலே மிதந்து, ஊறி, அடியில் படிந்தது. ஒன்றும் தொடவில்லை. துடைத்த கண்ணாடியிலேயே வாயை வைத்து ஓயாமல் சுரண்டிக்கொண்டிருந்தன. ஒன்றுமில்லாத இடத்தைச் சுரண்டின.

ஆறாவது வாரம் ஒன்று செத்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. செத்ததில் ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மீன்கடைக்கு ஓடினார். மீன்கடைக்காரன் முப்பது வயது ஆள், வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுகிறவன். மீனைத் திருப்பிப் பார்த்தான்.

"பெரியவரே, தொட்டியைத் துடைச்சீங்களா?"

"தினமும் துடைக்கிறேன் தம்பி. ஒரு பொட்டு அழுக்கு கிடையாது."

"அதான். இதுக்கு வியாதி எல்லாம் இல்ல, வெறும் பட்டினி. அதுங்க சாப்பாட்டுத் தட்டைத் தினமும் கழுவிக் கவுத்திருக்கீங்க."

கண்ணாடிக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "இப்ப என்ன பண்றது?"

"பாசி வளருங்க."

"எப்படி?"

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "ஒண்ணும் பண்ணாம இருங்க. அதான் வழி. அவசரம்னா பாட்டில்ல தண்ணி ஊத்தி, உள்ள கல்லோ கண்ணாடியோ போட்டு வெயில்ல வைங்க. பச்சை பிடிச்சதும் எடுத்துத் தொட்டிக்குள்ள போடுங்க."

வீட்டில் பழைய லென்ஸ்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அளவு தப்பிப்போனவை, யாரும் வந்து வாங்கிக்கொள்ளாதவை. முப்பத்தோரு வருஷத்தில் தூக்கிப்போட மனசு வராமல் சேர்த்து வைத்தவை. அவற்றைப் பாட்டில்களில் போட்டுத் தொட்டித் தண்ணீர் ஊற்றி, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். பதினெட்டுப் பாட்டில். சூரியன் நகர நகர அவற்றை நகர்த்தினார். ஒரு நாள் மேகம் போட்டால் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மனைவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷம் கழிச்சு உங்களுக்கு அழுக்கு மேல ஆசை வந்திருக்கு. என் பாத்திரத்தையும் ரெண்டு நாள் கழுவாம விடட்டுமா?"

"சும்மா இரு. அந்தக் கோடியில இருக்கறது லேசாப் பிடிக்குது பாரு."

பிடித்தது. பன்னிரண்டு நாளில் லென்ஸ்கள் மேல் மெல்லிசாகப் பச்சை வந்தது. தன் கையால் பளபளக்கத் தேய்த்த லென்ஸ் பச்சை பிடித்ததைப் பார்த்து அந்த மனிதர் கும்பிடாத குறைதான். தினமும் இரண்டு லென்ஸைத் தொட்டியில் இறக்குவார். மீன்கள் வந்து கவ்விக்கொள்ளும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவை தின்பதைப் பார்த்துக்கொண்டே தானும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார். மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று தெரியாமல் இருந்த அப்பா அவர். எதற்குப் பசிக்கிறது, எது எவ்வளவு தின்றது என்று அவர் குனிந்து பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆனாலும் பச்சை பிடிப்பதற்குள் இன்னொன்று போய்விட்டது. மிச்சம் மூன்று. அந்த மூன்றும் பிழைத்துக்கொண்டன. உடம்பு மட்டும் இன்னும் தேறவில்லை.

மகள் வர இரண்டு நாள் இருந்தது. "நாலு செத்துப்போச்சுன்னு நான் போன்ல சொல்லிடறேன். அவளும் மனசைத் தேத்திக்கிட்டு வருவா" என்றாள் மனைவி.

"வேண்டாம். இதைக் கேட்டா அவ மாடி ரூமுக்கு வருவாளா? நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மீன்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றார். லென்ஸுக்கு அளவு பார்த்த கண் அல்லவா? நீளம், பக்கக் கோட்டின் அகலம், வாலில் இருக்கிற புள்ளி எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி நாலு மீன்களைப் பொறுக்கினார். கடைக்காரன் பச்சைத்தொட்டியில் விட்டு வளர்த்த மீன்கள், வயிறு கும்மென்று இருந்தன. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்கூட. நிறைந்த வயிற்றைப் பார்த்தால் அவள் மனசும் குளிருமே!

பிறகு ஒரு காரியம் செய்தார். எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருக்கும். தொட்டிக்குள் ஏன் லென்ஸ் கிடக்கிறது என்று மகள் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, லென்ஸ்களை எடுத்து, அந்தப் பச்சையை எல்லாம் வழித்து, தேய்த்து, துடைத்து டப்பாவில் போட்டு மூடினார். பதினெட்டுப் பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்தார். ஜன்னல் விளிம்பைத் துடைத்தார்.

மகள் வந்தாள். செருப்பைக் கழற்றினவள் நேரே தொட்டிக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். அப்பா அன்றைக்கு உள்ளறையில் ஒளியவில்லை, கூடத்தில்தான் நின்றார்.

"ஏழும் இருக்கும்மா. எண்ணிப் பாரு" என்றார். இரண்டரை வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

அவள் எண்ணவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாலு குண்டா இருக்கு. மூணு எலும்பும் தோலுமா இருக்கு" என்றாள். "ஒரே தொட்டியில ஒரே சாப்பாடு தின்னதுங்க எப்படிப்பா இப்படி இருக்கும்? மெலிஞ்சு கிடக்கறதுதான் நம்ம வீட்டுல இருந்தது, இல்லையா?"

அவர் தொட்டி விளிம்பில் இருந்த ஒரு துளி ஈரத்தைத் துடைத்தார்.

"செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேன். அன்னைக்கும் இப்படித்தான். உடைஞ்சதை உடைஞ்சுதுன்னு சொல்ல உங்களுக்கு நாக்கு வராது. மூடி, துடைச்சு, அதே இடத்துல வச்சாகணும்."

அம்மா பொறுக்க மாட்டாமல் நடுவில் புகுந்தாள். "அப்படிச் சொல்லாதடி. உங்கப்பா துடைச்சுத்தான் கொன்னார், வாஸ்தவம். ஆனா தெரிஞ்சப்புறம் அந்த மூணையும் காப்பாத்த என்ன பாடுபட்டார் தெரியுமா? லென்ஸையெல்லாம் பாட்டில்ல போட்டுப் பாசி வளர்த்தார்டி. பதினெட்டுப் பாட்டில்!"

"அப்பாவா? பாசியா?" மகள் முகத்தில் ஏதோ அசைந்தது. "எங்கே?"

மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். விளிம்பு பளபளவென்று இருந்தது. சமையலறை மேடையில் பதினெட்டுப் பாட்டிலும் துளி ஈரமில்லாமல் கவிழ்ந்திருந்தன. கண்ணாடிக்காரர் டப்பாவைத் திறந்து காட்டினார். அதில் சுத்தமான லென்ஸ்கள்.

அவள் அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் லென்ஸைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு, "மாடி ரூம்ல வெயில் வருமாம்மா?" என்று கேட்டாள்.

"காலையில நல்லா வரும். ஜன்னல் கிழக்கே பார்த்தது."

"சரி. மீனை மேல கொண்டு போய் வச்சுப் பார்க்கலாம். தொட்டியை அப்புறம் தூக்கிக்கலாம்."

கண்ணாடிக்காரர் காலில் சக்கரம் கட்டினவர் போல ஓடினார். மீன்களை வாளிக்கு மாற்றி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். மகள் பின்னால் வந்தாள். மூன்றாவது மாடியைத் தாண்டிப் பத்துப் படி ஏறியிருப்பார்கள். மேலிருந்து துணிக்கூடையோடு மூன்றாவது மாடிக்காரி இறங்கி வந்தாள்.

"அடடே, பொண்ணு வந்திருக்கா! எவ்வளவு நாளாச்சு! என்னண்ணே, மாப்பிள்ளை வரலையா?"

மகள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வர வேண்டும், அதற்காகத்தான் நின்றாள்.

"அவருக்கு வேலைம்மா, லீவு கிடைக்கல. நல்லா இருக்காங்க, ரெண்டு பேரும்" என்றார் கண்ணாடிக்காரர்.

யோசித்துச் சொன்னதல்ல. இரண்டரை வருஷம் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த வார்த்தை, தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்றாவது மாடிக்காரி சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

"அப்பா, வாளியைக் கொடுங்க" என்றாள் மகள்.

"இன்னும் எட்டுப் படிதான்மா, நானே..."

"கொடுங்க."

கொடுத்தார். அவள் மேலே ஏறவில்லை, திரும்பிக் கீழே இறங்கினாள். சாயங்காலத்துக்குள் வண்டி வந்தது. தொட்டியும் போனது, மீனும் போனது. புது இடத்து விலாசத்தை அம்மா கையில் மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, மூன்றாவது மாடிக்கு ஏறிப்போனார். நேற்றுப் படியில் சொல்லாமல் விட்ட வார்த்தையை மனசுக்குள் கூட்டி வைத்திருந்தார். மணியை அழுத்தினார். அவள் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. என்ன இவ்வளவு காலையில?"

அவர் நின்றார். அவள் வீட்டுக் கதவுப்பிடியைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் இருந்த விரல்ரேகைகளைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கை போனது.

"ஒண்ணுமில்லம்மா. உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வருதான்னு கேக்க வந்தேன்."

"வருதே!"

"வருதா, சரி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா, இதற்கு மேல் கதையில்லை. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டு உலை கொதித்துக்கொண்டே இருக்கட்டும். உங்கள் கையை நம்பி வந்த வாயில்லா ஜீவன் ஒன்றுகூடப் பசியோடு இருக்க வேண்டாம். பெட்டியோடு வந்து நிற்கிற பிள்ளையை 'உள்ளே வா' என்று சொல்ல உங்கள் வாய்க்கு ஒருநாளும் கூச்சம் வராமல் இருக்கட்டும். நீங்களும் உங்கள் குஞ்சுகுளுவான்களும் வயிறு நிறைந்து, மனசு நிறைந்து, நன்றாக இருங்கள்.